மார்க்குக்குப் படித்த பிரெஞ்சும் ஒரு கிணற்றுப் பத்திரமும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்தக் காலேஜ், சயன்ஸா காமர்ஸா என்று பத்து நாள் விவாதம் நடக்கும். கடைசியாக, "செகண்ட் லாங்வேஜ் என்ன எடுக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் செலவழிப்பதில்லை. "பிரெஞ்சு எடுத்துடு, நல்லா மார்க் வரும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிடுவார். விஷயம் முடிந்தது.

என் வீட்டிலும் 1999-இல் அப்படித்தான் முடிந்தது. என் மூத்த மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது, படிவத்தில் பிரெஞ்சுக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான்தான். அவள் சேர்ந்த கல்லூரியில் தமிழ் கிடையாது. இருந்திருந்தாலும் எடுக்கச் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி. நேர்மையாகச் சொன்னால், மாட்டேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். 1978-இல் மும்பை வந்தேன். ஆண்டாப் ஹில்லில் குடியிருந்துகொண்டு வெட்டிவேர், சாம்பிராணி, நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரம். கிழங்கு சாப்பிடாத நயினார் வீட்டுப் பிள்ளை வேர் விற்றுப் பிழைக்கிறான் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரங்களில் நன்னூலும் சிந்தாமணியும் தானாகப் படித்தவன். அப்படிப்பட்டவன் பிரெஞ்சுப் படிப்பைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்றால், அதற்கு ஒரு கிணறு காரணம்.

என் அம்மாவின் அக்காவை, அதாவது பெரியம்மாவை, புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. அந்தப் பக்கம் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பெரியப்பா 1937-இல் ஒரு வீடும் பின்மனையும் வாங்கினார். பத்திரம் நோத்தேர் என்று சொல்லப்படும் அதிகாரி முன்னிலையில் பிரெஞ்சில் எழுதப்பட்டது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. 2003-இல் வாரிசுகளான நாங்கள் நாலு பேர் சேர்ந்து முன்வீட்டை விற்றுவிட்டு, பின்மனையைச் சித்தி மகளுக்கு விடுவதென்று முடிவு செய்தோம். அவள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள்.

பத்திரம் ஏழு பக்கம். எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. என் மகள் 2001-இல் பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சில் 92 வாங்கியவள் ஆயிற்றே! பெருமையோடு அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு பக்கம் புரட்டினாள். வீடு, தெரு, தேதி, பெயர்கள். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

"அப்பா, இது எங்க சிலபஸ்லயே இல்லைப்பா" என்றாள்.

அவள்மேல் தப்பே இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது நிஜம். கடைசியில் அந்த ஊரில் ஒருவர் அரைப் பக்கத்தில் தமிழில் சாரம் எழுதிக் கொடுத்தார். கிணறு அடுத்த வீட்டாருடையது என்று அதில் இருந்தது. அதை நம்பிக் கிரயம் எழுதினோம். பின்மனைக்குத் தண்ணீர் உரிமை பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சித்தி மகள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு வரும்வரை பதினோரு வருஷம் தெருக் குழாயிலிருந்து குடம் சுமந்தாள்.

இது நிற்க. அந்த 92 மார்க்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். மராட்டிய மாநிலத்தில் பதினொன்று, பன்னிரண்டில் ஆங்கிலம் கட்டாயம். அதோடு இன்னொரு மொழி. பைஃபோக்கல் பாடம் எடுக்கும் சயன்ஸ் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாம் மொழியும் கிடையாது. எடுப்பவர்களில் பலர் பிரெஞ்சைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் இலக்கியம் அல்ல. கேள்விகளின் வகை தெரிந்தது. இலக்கணத்தில் கோடிட்ட இடம், சின்ன மொழிபெயர்ப்பு, ஒரு கடிதம், ஓர் உரையாடல். பழைய கேள்வித்தாள் பத்தை உருப்போட்டால் போதும். மராத்தியோ இந்தியோ எடுத்தால் அங்கே செய்யுள், உரைநடை, கட்டுரை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். கஷ்டப்பட்டு எழுதினாலும் பிரெஞ்சுக்குக் கிடைக்கும் மார்க்கு கிடைக்காது. வியாபாரியாகச் சொல்கிறேன், இது நியாயமான கணக்குதான். தமிழ்நாட்டிலேயே இதே கணக்குப் போட்டு, மேல்நிலை வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்குப் போனவர்கள் ஏராளம். அரசு 2006-இல் சட்டம் கொண்டுவந்து பத்தாவது வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய பிறகும், பதினொன்றில் அந்த வாசல் திறந்தேதான் இருக்கிறது.

கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான். மார்க்குப் பட்டியல் வந்த இரண்டாம் மாதம் பாஷை போய்விடுகிறது.

என் பேத்தி, அந்த மகளின் மகள், 2024-இல் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அவளும் பிரெஞ்சுதான். பள்ளியிலேயே எட்டாவது முதல் படித்தவள். இந்தத் தடவை நான் குறுக்கே விழுந்தேன். "எடு, வேண்டாங்கல. ஆனா பாஷையா படி" என்றேன். நியூ மரைன் லைன்ஸில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1938 முதல் மும்பையில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் இடம். அங்கே சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்து அவள் பாடத்தை எனக்குச் சொல்லவேண்டும் என்பது என் நிபந்தனை. முதலில் முனகினாள். பிறகு எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஏனென்றால் பிரெஞ்சு இலக்கணத்தில் பாதி எனக்குத் தெரிந்ததாக இருந்தது! 'லெ' என்பது ஒரு சுட்டு. 'அமி' என்றால் நண்பன். இரண்டும் சேர்ந்தால் 'லெ அமி' என்று வராது, 'லாமி' என்றாகும். உயிர் வந்தால் முன்சொல்லின் கடைசி உயிர் ஓடிப்போகிறது. நாடு, இல்லை என்பவை நாடில்லை என்று ஆவதில்லையா? பன்மையில் 'லே அமி' என்று எழுத்துக் கூட்டினால், உச்சரிக்காமல் கிடந்த ஸகரம் இடையில் எழுந்துவந்து 'லேஸமி' ஆகிறது. உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளாமல் நடுவே ஒரு மெய். நமக்கு யகர வகரம், அவர்களுக்குப் புதைந்து கிடந்த ஸகரம். "தாத்தா, இது ரொம்ப கன்ஃப்யூசிங்" என்றாள் பேத்தி. "பவணந்தி முனிவர் எழுநூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே நன்னூல்ல புணரியல்னு இதுக்குத் தனி இயல்களே வச்சிருக்கார்மா" என்றேன். அவளுக்குப் பவணந்தியும் தெரியாது, புணர்ச்சியும் தெரியாது. அங்கே நான் சற்று மௌனமாகிவிட்டேன்.

வினைச்சொல்லும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நமக்கு விகுதி மாறுகிறது. ஆங்கிலத்தில் இந்த வளம் அனேகமாக இல்லை. பிரெஞ்சில் 'நு பார்லோன்' என்றால் நாங்கள் பேசுகிறோம், 'வு பார்லே' என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலுக்கும் எழுத்தில் விகுதி மாறினாலும் காதில் 'பார்ல்' என்று ஒன்றாகவே விழும். அதனால் 'நான்', 'நீ' என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நாம் 'வர்றேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

'த்யு' என்றால் நீ, 'வு' என்றால் நீங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதை அரை மணி நேரம் விளக்குவார்களாம். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். மாமனாரை 'நீ' என்று கூப்பிடக்கூடாது என்பது அதற்குத் தெரியும். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ழூர்' சொல்லாமல் சாமான் விலை கேட்பது பிரான்சில் மரியாதைக் குறைவு. கல்லூரிப் பாடத்தில் பண்பாடு என்று வருவது இதுபோன்ற சங்கதிகள்தாம். அலுவல் கடிதத்தை அவர்கள் முடிக்கிற விதத்தைப் பேத்தி படித்துக் காட்டினாள். தங்கள் மேலான மரியாதையைத் தயைகூர்ந்து ஏற்க வேண்டும் என்கிற பாணியில் ஒன்றரை வரி நீளும். நம் பழைய மண்டிக் கடிதங்களில், இவ்விடம் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்கி, சரக்கு விலைக்கு வருவதற்குள் பாதிக் காகிதம் தீர்ந்துவிடும். அந்த ஞாபகம் வந்தது.

பால் பாகுபாடுதான் பிள்ளைகளைப் படுத்துகிறது. புத்தகம் பிரெஞ்சில் ஆண்பால். மேசை பெண்பால். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் மும்பைப் பிள்ளைக்கு இதுவும் புதிதல்ல. கிதாப் இந்தியில் பெண்பால், புஸ்தக் மராத்தியில் அலிப்பால். நமக்கு எல்லாம் அஃறிணை, கவலையில்லை. எண்ணுவதும் வேடிக்கை. எழுபதுக்கு அறுபது-பத்து, எண்பதுக்கு நான்கு-இருபது, தொண்ணூறுக்கு நான்கு-இருபது-பத்து. இந்திக்கார வியாபாரிகள் இருபதை ஒரு கோடி என்று எண்ணுவார்கள் (நம் நூறு லட்சக் கோடி அல்ல). அதே கணக்கு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான தனிச்சொல் வைத்திருக்கிறார்களாம். புத்திசாலிகள்.

ஒருநாள் கடைக்கு வந்த வாசனைத் திரவியப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பேத்தி வாசித்தாள். 'வெத்திவேர்' என்று இருந்தது. "தாத்தா, நீங்க விக்கிறது!" என்றாள். ஆம், பிரெஞ்சு அகராதிகளே அந்தச் சொல் தமிழிலிருந்து வந்தது என்று சொல்கின்றன. நம் வெட்டிவேர் எழுத்து மாறாமல் பாரிசு வரை போயிருக்கிறது. கட்டுமரமும் போயிருக்கிறது, கறியும் போயிருக்கிறது. அங்கிருந்து வந்தவையும் உண்டு. புதுச்சேரியில் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் அரசாங்கமே எழுதுகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தமிழரை அங்கே 'சொல்தா' என்பார்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன். 2024 தீபாவளி விடுமுறை. பீரோவிலிருந்து அந்த ஏழு பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேத்தி அப்போது பி-1 நிலை வகுப்பில் இருந்தாள். இந்த நிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அளவுகோல்படி ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2 என்று ஆறு படிகள். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிரெஞ்சு, எவ்வளவு மார்க்கு வாங்கினாலும், முதல் இரண்டு படிகளைத் தாண்டாது என்பது என் அனுமானம். எனவே 2003-இல் என் மகள் திகைத்ததில் ஆச்சரியமில்லை. பத்திர மொழி வழக்கறிஞருக்கே கஷ்டம்.

பேத்தி நாலு நாள் எடுத்துக்கொண்டாள். அகராதி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். 'இன்னார் முன்னிலையில்' என்று தொடங்குகிற சட்டச் சடங்கு வாசகங்களைத் தாண்டி, மூன்றாம் பக்கத்தில் எல்லை வர்ணனைக்கு வந்தாள். அங்கே ஒரு சொல்லில் நின்றாள். 'மித்வாயேன்'. கிணற்றுக்கு அடைமொழியாக நின்றது. அடுத்த வீட்டுக்காரன் என்பதற்குப் பிரெஞ்சில் 'வுவாசேன்' என்று வேறு சொல் இருக்கிறது. மித்வாயேன் என்றால் எல்லையில் நின்று இரண்டு சொத்துக்கும் பொதுவானது. பொதுச்சுவர் என்கிறோமே, அந்த மாதிரிப் பொதுக்கிணறு. அதன் கீழே இரண்டு வரி தள்ளி, பின்மனையிலிருந்து கிணற்றுக்குப் போகும் பாதையும் எழுதியிருந்தது.

வகுப்பு ஆசிரியரிடம் காட்டி உறுதி செய்துகொண்டாள். பிறகு சித்தி மகளுக்கு நான் போன் செய்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்பத் தெரிஞ்சு என்னாண்ணே பண்றது. கெணத்தத் தூத்துட்டு மேல வூடு கட்டிட்டான்" என்றாள். பிறகு, "படிச்சது யாரு, பாப்பாவா? நல்லாப் படிக்கச் சொல்லு" என்றாள்.

பிரெஞ்சு வழியாகப் பிழைப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். நம் நாட்டு அரிசி பெனின், ஐவரி கோஸ்ட், செனகல் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு நிறையப் போகிறது. அங்கே ஆட்சிமொழி பிரெஞ்சு. ஏற்றுமதி செய்யும் நண்பர்கள் அங்கிருந்து வரும் கடிதத்துக்குத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு, அயல்நாட்டு அலுவலகச் சேவை, ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. மேலே படிக்க விரும்பினால் மும்பைப் பல்கலைக்கழகத்தின் காலினா வளாகத்திலேயே பிரெஞ்சுத் துறை இருக்கிறது. தெல்ஃப் என்ற தேர்வு 1985 முதல் நடக்கிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. அதாவது உருப்போட்டு எழுதிவிட்டுப் பேசத் தெரியாமல் தப்பிக்க முடியாது. இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். கனடாவில் குடியேறக் கேட்கப்படுகிற தேர்வுகள் வேறு, அவற்றின் முடிவு இரண்டு வருஷத்துக்குத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் உண்டு, விசாரித்துக் கட்டுங்கள்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டுவது வேறொரு வழி. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசில் பணிபுரிந்த அரியேல் என்பவர் 1848-இல் திருக்குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அவர் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் பாரிசு தேசிய நூலகத்துக்குப் போயின. அடுத்து வந்தவர் ஜூலியன் வின்சோன். இங்கே வளர்ந்து தமிழ் கற்று, பாரிசில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டுக் கேட்டுப் பொருள் தெளிந்த கதை பலருக்குத் தெரியும். அந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டு 1891-இல் பாரிசிலிருந்து ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார் இந்த வின்சோன். 1900-இல் பௌத்த, சமணக் கதைகள் என்று தமிழிலிருந்து பெயர்த்து இரண்டு தொகுதி வெளியிட்டார். எங்கள் வீட்டில் பாராயணம் செய்யும் சிந்தாமணி அதில் இருக்கிறது.

1955-இல் ழான் ஃபிலியோசா தலைமையில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அங்கிருந்து 1968-இல் பரிபாடல் பிரெஞ்சில் வந்தது, பெயர்த்தவர் பிரான்சுவா க்ரோ. சிலப்பதிகாரம் அலேன் தானியேலு கையால் 1961-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சமணத் தலங்களை ஊர் ஊராகப் படமெடுத்துத் தொகுத்த பணியும் அந்த நிறுவனத்தில் நடந்திருக்கிறது. என் ஊர்ப் பக்கத்துக் கோயில்களைப் பற்றிப் படிக்க எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக்காரர் தயவு வேண்டியிருக்கிறது. வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா, தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல். இந்த வேலைக்கெல்லாம் பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஆள் உதவமாட்டான். தமிழும் வேண்டும். பாரிசில் லா ஷப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வாரம் முழுக்கப் பிரெஞ்சில் படித்துவிட்டு, விடுமுறை நாளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் வாரம் முழுக்க ஆங்கிலத்தில் படித்துவிட்டு, விடுமுறை நாளில் பிரெஞ்சு டியூஷனுக்குப் போகிறார்கள். என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள், ஒரு வரி படிக்கத் தெரியாது. தமிழ் வழிப் பள்ளிகளை மாநகராட்சியே நடத்துகிற ஊரில் இருந்துகொண்டு, என் வீட்டில் நான் கோட்டைவிட்டது இது. கல்லூரிப் படிவத்தில் பிரெஞ்சா தமிழா என்று கேட்கிறார்கள் சரி, வீட்டிலும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வின்சோனின் முதல் தொகுதியை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். அவள் பிரெஞ்சை வாசித்துப் பொருள் சொல்வாள். நான் சிந்தாமணியைப் பிரித்து அந்த இடத்தைத் தேடுவேன். போன வாரம் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கும் கட்டம். "இங்க இவர் கதையச் சுருக்கிட்டாரா தாத்தா? உங்க புக்ல எவ்வளவு இருக்கு?" என்றாள். காட்டினேன். பாட்டு மேல் பாட்டாகப் போகிறது. நாமகள் இலம்பகம் மட்டும் ஏறக்குறைய நானூறு பாட்டு.

கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பிரெஞ்சு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் கொடுத்து, "மயில்னு எழுதிக் காட்டுங்க" என்றாள். எழுதினேன். யகரத்துக்குக் கொக்கி எந்தப் பக்கம் என்று அவளுக்கு இன்னும் தகராறாக இருக்கிறது.